இயற்கையைப் படம்பிடித்தலும் நம்பிக்கையின் அறமும்

1. வினா

மனிதர் துன்பத்தில் அழுந்தியிருக்குங் காலத்தில் மலையையும் ஆற்றையும் நோக்கிக் கமெராவைத் திருப்புதல் அறத்தின்பாற்படுமா என்னும் வினா, புகைப்படக் கலையின் வரலாற்றில் பலமுறை எழுந்துள்ளது. 1930களில் ஒருபுறம் பொருளாதார மந்தமும் மறுபுறம் பாசிசத்தின் எழுச்சியும் உலகை நிலைகுலையச் செய்துகொண்டிருந்தன. அவ்வேளையில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர்களான அன்சல் அடம்ஸ், எட்வேட் வெஸ்ற்றன் முதலியோர் பாறைகளைப் படம்பிடித்துக்கொண்டிருப்பது எவ்வாறு தகும் எனப் பிரெஞ்சுக் கலைஞர் ஹென்றி காட்டியே பிறெசோன் கடிந்துரைத்ததாகக் கூறப்படுகின்றது. தெருவிலும் சந்தையிலும் மக்கள் கூட்டத்திலும் மனிதனையே தேடிச் சென்ற ஒரு கலைஞரின் வாயிலிருந்து வந்த இக்கண்டனத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

இதனுள் இரு குற்றச்சாட்டுகளைக் காணலாம். இயற்கையைப் படம்பிடித்தல் ஒருவகைத் தப்பியோட்டம் என்பது ஒன்று. மலை எவரையும் வருத்துவதில்லை. எவராலும் வருத்தப்பட்டதாக முறையிடுவதுமில்லை. ஆதலின் மலையை நாடுபவன் மனிதரிடையேயுள்ள கடமைகளிலிருந்து ஒதுங்கி, கேள்வி கேளாத ஒன்றின் முன்னே அமைதி தேடுகின்றான் என்பர். மற்றது, அது ஒருவகை உடைமையாசை என்பது. படமெடுத்தல் என்பது எடுக்கப்படும் பொருளைத் தன்வயப்படுத்தும் செயல் எனச் சூசன் சொன்ராக் 1977 இல் வெளிவந்த தமது நூலில் வாதிட்டார். காட்டு விலங்குகளைத் தேடிச் செல்வோர் துப்பாக்கியை வைத்துவிட்டுக் கமெராவை ஏந்துவதையும் அவர் இதற்கு எடுத்துக்காட்டினார். தமிழில் இச்செயலைப் படம் 'பிடித்தல்' என வழங்குவதும் ஈண்டு நினைக்கத்தக்கது. கைக்குள் அகப்படுத்துவதையும் 'பிடித்தல்' என்கிறது தமிழ். மனத்துக்கு உகந்திருப்பதையும் அவ்வாறே கூறுகின்றது. கைப்பற்றுதலும் அன்பு கொள்ளுதலும் ஒரே சொல்லில் அருகருகே நிற்கின்றன. இச்செயலின் அறச்சிக்கலும் அங்கேயே இருக்கின்றது.

இக்குற்றச்சாட்டுகளுக்கு மாறாக, இயற்கையைப் படம்பிடிப்போர் தாம் அதில் நம்பிக்கையையும் வாழ்வின் அர்த்தத்தையும் கண்டதாகக் கூறுவர். இக்கூற்று உண்மையாயின், அந்நம்பிக்கை எத்தகையது? நோவைச் சிறிதுநேரம் மறக்கச் செய்யும் மருந்தா, அல்லது மனிதனை அவனது கடமையை நோக்கி மீண்டுஞ் செலுத்தும் ஆற்றலா? இதனைப் பொதுப்பட நின்று விவாதிப்பதிலும், அத்தகைய நம்பிக்கையைத் தேடி வாழ்ந்தவர் இருவரது வரலாற்றில் வைத்து ஆராய்வதே பயனுடைத்தாகும். அவ்விருவரும் போரினால் தாய்நாட்டை இழந்து, அவுஸ்திரேலியாவின் தென்கோடியிலுள்ள தஸ்மேனியாத் தீவில் குடியேறியவர்கள்.

2. ஏதிலியும் ஏரியும்

ஒலேகாஸ் துருக்கானாஸ் 1923 இல் லித்துவேனியாவிற் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது சோவியத் படைகளும் ஜேர்மன் படைகளும் மாறி மாறி அந்நாட்டைக் கைப்பற்றின. நாட்டின் எதிர்ப்பியக்கத்திற் சேர்ந்திருந்த அவர், போரின் முடிவில் ஜேர்மனிக்குத் தப்பிச் சென்று, இடம்பெயர்ந்தோருள் ஒருவராக வாழ்ந்து, 1940களின் இறுதியில் தஸ்மேனியாவை அடைந்தார். அங்கு முதலில் ஒரு நாகத் தொழிற்சாலையிற் கூலியாளாக உழைத்த அவருக்குப் பின்னர் தீவின் நீர்மின் ஆணைக்குழுவில் எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. விடுமுறை நாட்களில் அவர் தீவின் தென்மேற்கிலுள்ள, வீதிகள் எட்டாத மலைகளுக்கும் ஆறுகளுக்குஞ் சென்றார். 1958 இல் தாமே கட்டிய சிறு தோணியில் தனியராகக் கோர்டன் ஆற்றின் வழியே கடல்வரை பயணஞ் செய்தார். சென்றவிடமெல்லாம் வண்ணப்படங்கள் எடுத்தார்.

அவரது உள்ளத்தை மிகவுங் கவர்ந்தது பெடர் ஏரி. மலைகளால் சூழப்பட்ட அவ்வேரி ஏறத்தாழ 9 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. கோடையில் நீர் வற்றும்போது, இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட வெண்மணற்கரையொன்று சுமார் 3 கிலோமீற்றர் நீளத்துக்கு வெளிப்படும். 1955 இல் அது தேசிய பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. எனினும் 1960களில், நீர்மின் திட்டமொன்றுக்காக அதனைப் பெரியதொரு நீர்த்தேக்கத்தினுள் அமிழ்த்திவிட முடிவு செய்யப்பட்டது. திட்டத்தை வகுத்தது துருக்கானாஸ் ஊதியம் பெற்றுவந்த அதே ஆணைக்குழுவாகும்.

1967 பெப்ரவரி 7 ஆந் தேதி தென் தஸ்மேனியாவில் மூண்ட பெருங் காட்டுத்தீயில் 62 பேர் மாண்டனர். துருக்கானாஸின் வீடும் எரிந்தது. பல ஆண்டுகளாகத் திரட்டிய படங்கள் யாவும் அதனுடன் சாம்பராயின. முதலில் நாட்டை இழந்தவர், பின்னர் தாம் தெரிந்துகொண்ட நாட்டின் உருவங்களையும் இழந்தார். அவர் அத்துடன் அமைந்துவிடவில்லை. எரிந்தவற்றை மீண்டும் எடுப்பதற்காக அதே மலைகளுக்குத் திரும்பிச் சென்றார். காலமோ குறுகியிருந்தது, ஏரியை நீர் மூடுமுன் எடுத்தாக வேண்டும். ஆணைக்குழுவின் ஊழியராயிருந்த அவருக்கு அதன் திட்டத்தை மேடையேறி எதிர்ப்பது எளிதாயிருக்கவில்லை. ஆயினும் ஹோபாட் நகர மண்டபத்திலே தம் படங்களை இசையுடன் திரையிற் காட்டினார். மண்டபம் நிரம்ப வந்த மக்கள், தாம் ஒருபோதுஞ் சென்றிராத ஓர் ஏரியைக் கண்டனர்.

ஏரி காப்பாற்றப்படவில்லை. 1972 இல் நீர் உயர்ந்து மணற்கரையை மூடியது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், அவ்வாண்டு ஜனவரி 6 ஆந் தேதி, கோர்டன் ஆற்றை மறுபடியும் படம்பிடிக்கச் சென்ற துருக்கானாஸ் நீரில் அகப்பட்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 48.

3. நோக்கலும் தன்னை மறத்தலும்

இவ்வரலாற்றைத் தப்பியோட்டம் எனலாமா? தொடக்கத்தில் அவ்வாறு இருந்திருக்கலாம். போரின் நினைவுகளைச் சுமந்துவந்த ஒருவர் மனிதர் இல்லாத இடத்தை நாடியதில் வியப்பில்லை. அதனைக் குற்றமெனக் கூறுதல் இரக்கமின்மையாகும். நோயாளி நிழலை நாடுவதை எவரும் பழிப்பதில்லை. ஆயின் நிழலிலே தங்கிவிட்டானா, நிழலிலிருந்து எழுந்து நடந்தானா என்பதே ஆராயவேண்டியது.

ஆங்கில மெய்யியலாளரான ஐரிஸ் மேடொக் 1970 இல் வெளியிட்ட அறவியல் நூலொன்றில் சிறியதோர் எடுத்துக்காட்டைத் தருகின்றார். தன்மதிப்புக்கு நேர்ந்த ஊறு ஒன்றை எண்ணி மனம் புழுங்கிச் சாளரத்தின் வழியே வெறித்து நோக்கும் ஒருவர், வானில் நிலைத்து மிதக்கும் வல்லூறொன்றைத் திடீரெனக் காண்கின்றார். அக்கணத்தில் அவருடைய 'நான்' மறைந்துவிடுகின்றது. அங்கிருப்பது பறவை மட்டுமே. மனம் மீண்டுந் தன் கவலைக்குத் திரும்பும்போது அக்கவலை முன்னைய பருமனில் இருப்பதில்லை. அறவாழ்வின் பெரும் பகை தன்னலம் மிக்க கற்பனையே என்றும், தனக்குப் புறம்பாக உள்ளதொன்றை உள்ளவாறே காணும் கவனமே அறத்தின் தொடக்கம் என்றும் மேடொக் கருதினார்.

இக்கருத்தின் துணைகொண்டு நோக்கின், இயற்கையைப் படம்பிடித்தலின் உட்பொருள் ஓரளவு தெளிவாகின்றது. படமெடுப்பவன் ஒளிக்காகக் காத்திருக்கவேண்டும். மேகம் அவன் விருப்பப்படி விலகுவதில்லை. மூடுபனி அவன் வந்த நாளென்று எழுவதில்லை. நாட்கணக்கில் மழையில் நனைந்து கிடந்து, ஒரு படமும் எடாமல் திரும்புவதும் உண்டு. தன் விருப்பத்துக்குக் கட்டுப்படாத உலகமொன்று இருக்கின்றது என்பதை அவன் உடம்பினாலே கற்கின்றான். மனித உலகம் முழுவதும் அழிவையே செய்துகொண்டிருப்பதாகத் தோன்றும் காலத்தில், அவ்வழிவுக்கு முன்னரே இருந்ததும் அதன் ஆணைக்கு உட்படாததுமான ஒன்றைக் காண்பது மனத்துக்கு உறுதி தருகின்றது. துன்பம் உள்ளது, துன்பம் மட்டுமே உள்ளதென்பது பொய் என்பதை அக்காட்சி உணர்த்துகின்றது. நம்பிக்கையின் முதற்படி இதுவெனலாம்.

கண்டனத்துக்கு உள்ளான அன்சல் அடம்ஸின் வாழ்விலும் இதற்கொரு சான்றுண்டு. போர்க்காலத்தில் அமெரிக்க அரசு யப்பானிய வம்சாவளியினரான தன் மக்களையே முகாம்களில் அடைத்துவைத்தபோது, அடம்ஸ் 1943 இல் கலிபோர்னியாவிலுள்ள மன்சனார் முகாமுக்குச் சென்று அவர்களைப் படம்பிடித்தார். அடுத்த ஆண்டு, அவர்களும் சமவுரிமையுடைய குடிமக்களே என வலியுறுத்தும் நூலொன்றை வெளியிட்டார். அவரது புகழ்பெற்ற மலைக்காட்சிகளுள் ஒன்றான வில்லியம்சன் மலையின் படமும் அம்முகாமின் அயலிலிருந்தே எடுக்கப்பட்டது. அவருடைய படங்கள் அநீதியின் கொடுமையைப் போதிய அளவு காட்டவில்லை எனக் குறை கூறியோர் உளர், அக்குறையிலும் நியாயமுண்டு. எனினும் மலையை நோக்கப் பழகிய கண் மனிதனை நோக்க மறந்துவிடும் என்பது விதியன்று என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

4. எதிர்பார்ப்பும் நம்பிக்கையும்

முதற்படியோடு வினா முடிந்துவிடுவதில்லை. பெடர் ஏரி நீருள் மறைந்தது. தாம் நேசித்த ஒன்றைக் காப்பதற்காக எடுத்த படங்களே அதன் இறுதி நினைவுச்சின்னமாயின. இந்நிலையில் நம்பிக்கை எனும் சொல்லுக்குப் பொருள் யாது?

தமிழில் 'நம்பிக்கை' என்னுஞ் சொல் பல பொருள்களைத் தாங்கி நிற்பது. நல்லது நிகழும் எனக் கருதுவதையும் அது குறிக்கும். ஒருவர்மீது வைக்கும் பற்றையும் குறிக்கும். நம்பிக்கைக்கு உரியவன் என்னும்போது, கைவிடாத தன்மையையும் உணர்த்தும். 'எதிர்பார்ப்பு' இதனின் வேறானது. எதிர்பார்ப்பு விளைவை நோக்கி நிற்பது. விளைவு பொய்க்கும்போது அதுவும் பொய்க்கின்றது. நம்பிக்கையோ பற்றினை வேராகக் கொண்டது; விளைவு பொய்த்த பின்னும் பற்று எஞ்சுமாயின் நம்பிக்கையும் எஞ்சும். பிரெஞ்சு மெய்யியலாளர் கபிரியேல் மார்சல் போர்க்காலப் பிரான்சில் 1942 இல் நிகழ்த்திய உரையொன்றில் நம்பிக்கையை வெறும் நன்மை எதிர்பார்ப்பிலிருந்து பிரித்துக் காட்டியமையும் இத்துடன் ஒப்புநோக்கத்தக்கது.

துருக்கானாஸ் எரிந்த படங்களை மீண்டும் எடுக்கச் சென்றபோது, ஏரி தப்புமென்ற எதிர்பார்ப்பு அவரிடம் எவ்வளவு இருந்ததென எவரும் அளந்து கூறவியலாது. அவரிடம் இருந்தது கைவிடாமை என்பது மட்டும் உறுதி. இறக்கப்போகின்ற ஒருவரின் அருகே இருப்பவரைப் பார்த்து, இதனால் என்ன பயன் என்று எவரும் கேட்பதில்லை. உயிரைக் காக்க இயலாதபோதும், அருகிருத்தல் ஒரு கடமையாகின்றது. மறையப்போகும் நிலத்தை உள்ளவாறு கண்டு, அது இருந்தது என்பதற்குச் சான்றாக நிற்றலும் அத்தகையதே. பிரெஞ்சு அறிஞர் ரோலன் பார்த் 1980 இல் புகைப்படத்தைப் பற்றி எழுதிய நூலில், படத்திலுள்ள பொருள் ஒருகாலத்தில் உண்மையாகவே அங்கே இருந்தது என உறுதிப்படுத்துவதே அதன் தனித்தன்மை என்றார். பெடர் ஏரியின் படங்கள் அவ்வகையில் ஒரு வழக்கின் சாட்சியங்களாயின. நீரினுள் அமிழ்ந்தது பயனற்ற சதுப்பு என இனி எவருங் கூறமுடியாது.

சாட்சியம் உள்ள இடத்தில் வழக்கு முற்றாக முடிந்துவிடுவதில்லை. ஏரியைக் காக்கத் திரண்டோர் 1972 மார்ச்சில் ஐக்கிய தஸ்மேனியாக் குழு என்னும் அரசியற் கட்சியைத் தொடங்கினர். சுற்றாடலை அடிப்படையாகக் கொண்டு உலகில் தோன்றிய முதலாவது கட்சியாக அது கருதப்படுகின்றது. தோல்வியே அதன் பிறப்பிடமாயிற்று.

5. மாணவனும் ஆறும்

துருக்கானாஸைத் தேடிச் சென்று, ஆற்றில் அவரது உடலைக் கண்டெடுத்தவர் பீற்றர் டொம்புறொவ்ஸ்கிஸ் என்னும் இளைஞர். அவர் 1945 இல், போரின் இறுதி மாதங்களில், ஜேர்மனியில் லத்வியப் பெற்றோருக்குப் பிறந்தவர். தந்தை போரிற் காணாமற்போனார். தாய் குழந்தையுடன் 1950 இல் தஸ்மேனியாவை அடைந்தார். அவரே மகனுக்கு முதற் கமெராவை வாங்கிக் கொடுத்தார். தந்தையில்லாத அவ்விளைஞருக்குத் துருக்கானாஸ் ஆசிரியராகவும் வழிகாட்டியாகவும் விளங்கினார்.

ஆசிரியர் விட்ட இடத்திலிருந்து மாணவர் தொடங்கினார். பாரமான பெருந்தகட்டுக் கமெராவையும் முக்காலியையும் முதுகிற் சுமந்து, காற்றடைத்த சிறு மிதவையில் பிராங்ளின் ஆற்றின் வழியே பயணஞ் செய்தார். 1979 அளவில், ஆற்றின் வளைவொன்றில், காலை மூடுபனியினூடே நடுவே நிற்கும் பாறையையும் அதனைச் சுற்றி ஓடும் நீரையும் படம்பிடித்தார். கமெராவின் கண் நெடுநேரம் திறந்திருந்தமையால் ஓடும் நீர் பனிபோல வெண்மையாய்ப் பதிந்தது. படத்தில் மனிதர் இல்லை. அரசியல் முழக்கமும் இல்லை.

அவ்வாற்றிலும் அணை கட்டத் திட்டமிடப்பட்டது. 1981 டிசெம்பரில் தஸ்மேனிய அரசு நடத்திய மக்கள் வாக்கெடுப்பில், இரண்டு அணைகளுள் எது வேண்டுமென்றே கேட்கப்பட்டது. எதுவும் வேண்டாம் எனக் கூற இடமளிக்கப்படவில்லை. வாக்காளருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் அணைகள் வேண்டாம் எனத் தாமே வாக்குச்சீட்டில் எழுதினர். 1982 டிசெம்பர் 14 ஆந் தேதி அப்பகுதி உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அன்றே ஆற்றங்கரையில் மறியற் போராட்டமும் தொடங்கியது. அடுத்த சில மாதங்களில் 1,200 க்கு மேற்பட்டோர் கைதாயினர். 1983 மார்ச் 5 இல் நடைபெற்ற பொதுத் தேர்தலுக்கு முன், டொம்புறொவ்ஸ்கிஸின் அந்தப் படம் நாட்டின் முன்னணிச் செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரமாக வெளிவந்தது. இதனை அழிக்கும் கட்சிக்கு வாக்களிக்க மனம் வருமா என்பதே அதன் கீழிருந்த வினாவின் கருத்து. தேர்தலில் அணையை எதிர்த்த தொழிற்கட்சி வென்றது. மத்திய அரசு இயற்றிய சட்டத்தை 1983 ஜூலை 1 ஆந் தேதி உயர் நீதிமன்றம் நால்வருக்கு மூவர் என்ற பெரும்பான்மையால் ஏற்றுக்கொண்டது. அணை கட்டப்படவில்லை, ஆறு இன்றும் தடையின்றி ஓடுகின்றது.

ஒரு படம் ஆற்றைக் காத்தது என்று கூறுதல் மிகையாகும். சட்டவறிஞரும், கைதானோரும், வாக்குச்சீட்டில் எழுதியோரும் சேர்ந்தே காத்தனர். எனினும் அவருள் மிகப் பெரும்பாலோர் அவ்வாற்றை ஒருபோதுங் கண்டவரல்லர். தாம் காணாததும், தமக்குப் பயன்படாததும், காணச் செல்லும் எண்ணமில்லாததுமான ஒன்றின் இருப்புக்காக மக்கள் கவலைகொள்ளல் அறவளர்ச்சியின் அரியதோர் அடையாளம். அக்கவலையை எழுப்பியதே படத்தின் தொண்டு. உடைமையாசை என்னுங் குற்றச்சாட்டுக்கும் இங்கு விடை கிடைக்கின்றது. படம்பிடித்தவர் ஆற்றைத் தமதாக்கிக்கொள்ளவில்லை. தாம் தனிமையிற் கண்டதைப் பிறர் பொறுப்பில் ஒப்படைத்தார்.

6. தடைகள்

இம்முடிவை ஏற்பதற்கு முன் எதிர்வாதங்களையும் நேர்மையாக எடைபோடவேண்டும். அவற்றுள் மூன்று முதன்மையானவை.

முதலாவது, உழைப்போரின் வாதம். அணை வேலை தரும். மின்சாரம் தொழிற்சாலை தரும். 1981 வாக்கெடுப்பில் அணைக்கு ஆதரவாக வாக்களித்தோரின் தொகை சிறிதன்று. வேலையற்றவனின் வீட்டில் மூடுபனியின் அழகு அடுப்பெரிக்காது. இவ்வாதத்தை ஏளனஞ் செய்வோர் காட்டின்மீது கொண்ட அன்பை மனிதர்மீதுள்ள வெறுப்பாக மாற்றிக்கொள்ளும் ஆபத்துக்கு உள்ளாவர். இதற்கு ஒரு விடையே உண்டு: இயற்கையைக் காப்பதன் விலையை ஏழை மட்டும் செலுத்துமாறு விடலாகாது. அழகைக் கண்டு மகிழ்ந்த நகரத்தார் அவ்விலையிற் பங்குகொள்ளவேண்டும். அவ்வாறு கொள்ளாதவிடத்து அவர்களது நம்பிக்கை பிறர் செலவில் வாங்கிய நம்பிக்கையாகும்.

இரண்டாவது, அழகின் பக்கச்சார்பு பற்றியது. பெடர் ஏரியின் மணற்கரையில் மண்புழு இனமொன்று வாழ்ந்தது. 1971 இல் எடுக்கப்பட்ட ஒரேயொரு மாதிரியைக் கொண்டே அறிவியல் அதனை அறிந்தது. பின்னர் அது எங்குங் காணப்படாமையால், அற்றொழிந்த இனமாகக் கணிக்கப்பட்டது. ஏரியின் எந்த வண்ணப்படத்திலும் அப்புழு இடம்பெற்றிராது. இடம்பெற்றிருப்பினும் எவரும் அதற்காகக் கண்ணீர் வடித்திரார். கமெரா அழகுள்ளதையே நாடுவதால், அழகற்ற சதுப்புகளும் சிற்றுயிர்களும் அன்பின் எல்லைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. இக்குறை உண்மையானதே. அழகு கண்ணைத் திறக்கும் வாயிலாகலாம்; ஆனால் வாயிலிலேயே நின்றுவிட்டவன் வீட்டினுள் இருப்பவரை அறியான்.

மூன்றாவதே மிகவுங் கனமானது. மனிதரற்ற இயற்கை என்னுங் காட்சி பல இடங்களில் வரலாற்றுப் பொய்யாகும். தஸ்மேனியாவின் ஆதிக்குடிகள் 1820களிலும் 1830களின் தொடக்கத்திலும் குடியேற்றக்காரருடன் நிகழ்ந்த போரில் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். எஞ்சியோர் பிளிண்டேர்ஸ் தீவுக்கு அகற்றப்பட்டனர். அதன் பின்னரே அந்நிலம் ஆளற்ற காடெனப் பெயர்பெற்றது. பிராங்ளின் ஆற்றின் கரையிலுள்ள குற்றிக்கினா என்னும் குகையில் 1981 இல் நடைபெற்ற ஆய்வு, பனியூழிக் காலத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னரே, அங்கு மனிதர் வாழ்ந்தமையை நிறுவியது. அணை கட்டப்பட்டிருப்பின் அக்குகையும் நீருள் மறைந்திருக்கும். ஆற்றைக் காப்பதற்கான வழக்கில் அக்குகையும் ஒரு வலுவான நியாயமாயிற்று என்பது குறிப்பிடத்தக்கது. 1995 இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அது இன்று வாழும் ஆதிக்குடி மக்களிடமே திரும்ப ஒப்படைக்கப்பட்டது.

எவருமில்லாத காட்டின் படம் ஓர் ஏதிலிக்கு ஆறுதல் தருகின்றது. அக்காடு எவருமற்றதானதோ வேறொரு மக்கள் துரத்தப்பட்டமையால். இம்முரணை உணராதவிடத்து, இயற்கையில் காணும் நம்பிக்கை மறதியின்மீது கட்டப்பட்டதாகிவிடும். தமிழரின் பண்டைய இலக்கண மரபு இங்கு ஒரு பாடந் தருகின்றது. நிலமும் பொழுதும் முதற்பொருளாகவும், தெய்வமும் விலங்கும் மரமும் தொழிலும் கருப்பொருளாகவும், மனித ஒழுக்கம் உரிப்பொருளாகவும் அமைய, இம்மூன்றுஞ் சேர்ந்ததே திணையென அது வகுத்தது. மக்களை நீக்கிய நிலம் அம்மரபில் முழுமையான நிலமன்று. வெற்று நிலமாகத் தோன்றும் படத்தைக் காண்பவனும், இந்நிலத்துக்கு உரியோர் யார், அவர் எங்கே போயினர் என்று கேட்கக் கடமைப்பட்டவன். அவ்வினாவைக் கேட்கத் தூண்டும் படம் மனிதனுக்கு எதிரான படமன்று.

7. முடிபு

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இனி ஓரளவு விடை கூறலாம். இயற்கையைப் படம்பிடித்தல் தன்னளவில் அறமுமன்று, மறமுமன்று. அது ஒரு நோக்கும் பயிற்சி. அப்பயிற்சி தன்னை மறக்கச் செய்கின்றது. பிறிதொன்றை உள்ளவாறு காணக் கற்பிக்கின்றது. கண்டதைக் கைவிடாதிருக்கும் பற்றை வளர்க்கின்றது. இம்மூன்றும் நிகழுமாயின், அங்கே பெறப்படும் நம்பிக்கை மெய்யானது. தன்னை மறப்பதோடு நின்றுவிடின், அது வெறும் களைப்பாறுதல். தீங்கில்லை, ஆயினும் அதனை வாழ்வின் அர்த்தமெனப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. கண்ட காட்சியின் பின்னே மறைந்துள்ள மனிதரை மறந்துவிடினோ, காட்டியே பிறெசோனின் கண்டனம் அங்கே முழுமையாகப் பொருந்தும்.

எனவே இந்நம்பிக்கையின் உரைகல் படத்திலே இல்லை. படத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பியவனின் நடத்தையிலே இருக்கின்றது. தான் பெற்ற அமைதியை அவன் தனக்கெனப் பூட்டிவைக்கின்றானா, நகர மண்டபத்திலே விரித்துக் காட்டுகின்றானா? ஒரு பாறைக்குக் காட்டிய பொறுமையை, பேசத் தடுமாறும் அயலானுக்கும் காட்டுகின்றானா? பார்க்கப்படாத சதுப்புக்கும் புழுவுக்கும், பெயரின்றிப் புதைந்தோருக்கும் அவனது கவனம் விரிகின்றதா? அவ்வாறு விரியும் இடத்திலேதான் அழகு அறமாகின்றது.

பீற்றர் டொம்புறொவ்ஸ்கிஸ் 1996 இல், தென்மேற்குத் தஸ்மேனியாவின் மலைகளிற் படம்பிடித்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பினால் இறந்தார். பெடர் ஏரியின் மீது இன்னும் நீர்த்தேக்கமே பரந்துகிடக்கின்றது. ஆயினும் அந்நீரை வடித்து ஏரியை மீட்கவேண்டுமென்ற கோரிக்கை 1990களில் எழுந்தது. 1995 இல் அவுஸ்திரேலியப் பாராளுமன்றக் குழுவொன்று அதனை விசாரித்தது. கோருவோரின் குரல் இன்றுவரை ஓயவில்லை. அவர்களுட் பலர் ஏரி அமிழ்ந்த பின்னர் பிறந்தவர்கள். தம் கண்ணால் ஒருபோதுங் கண்டிராத மணற்கரையை, தீயில் எரிந்தபின் மீண்டும் சென்று எடுக்கப்பட்ட படங்களின் வழியாகவே அவர்கள் அறிந்துள்ளனர். கோரிக்கை நிறைவேறுமா என்பது எதிர்பார்ப்பைச் சார்ந்த வினா. அக்கரையைக் கைவிடாதோர் இன்னும் இருக்கின்றனர் என்பதே நம்பிக்கை.